மலைநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சிறு அருங்காட்சியகம்: தொடங்குவது முதல் பராமரிப்பது வரை

கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் இருக்கும், இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோர் வீடுகளில், கப்பலில் வந்த தகரப்பெட்டி இன்னும் பரண்மேல் கிடக்கிறது. உள்ளே கண்டி இந்தியத் தூதரகத்தில் கொடுத்த குடும்ப அட்டை, மடிப்பு விட்டுப்போன கடவுச்சீட்டு, ஸ்டூடியோவில் எடுத்த ஒரு குடும்பப் படம், தேயிலைச் செடியை வெட்டிவிடும் துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தி இருக்கும். வீடு மாறும்போதும் பெரியவர்கள் போய்ச் சேரும்போதும் முதலில் குப்பைக்குப் போவது இந்தப் பெட்டிதான். அதைத் தடுக்க நினைக்கும் ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கட்டடமும் அரசு ஆணையும் தேவையில்லை. ஒரு அறையும், பொறுப்பாக நாலைந்து பேரும், பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அவசரம் ஏன் என்றால், 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கே இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து மலைக்குப் போன தலைமுறையில் மிகச் சிலரே இருக்கிறார்கள். எனவே நான் சொல்லும் வரிசை ஒன்றுதான்: முதலில் ஆட்களின் பேச்சு, அடுத்துப் பொருள், கட்டடம் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கட்டடம் எழும்பி முடிவதற்குள் பேச வேண்டியவர்கள் இல்லாமல் போகிறார்கள்.

1. யாருடைய கதை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"மலையகத் தமிழர் வரலாறு முழுவதும்" என்று பலகை மாட்ட வேண்டாம். 1820-களில் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் போனதிலிருந்து, 1869-இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்து தேயிலை வந்தது, 1948-இல் குடியுரிமை பறிபோனது, அப்புறம் நாடு திரும்பியது என்று இருநூறு வருடக் கதை அது. ஒரு அறைக்குள் அடங்காது. உங்கள் குடியிருப்பில் இருக்கும் குடும்பங்கள் எந்தெந்தத் தோட்டத்திலிருந்து வந்தன, இங்கே வந்து எந்தக் காட்டைத் திருத்தித் தேயிலை போட்டன என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டத்துக் குடியிருப்பு ஒன்றின் கதையை ஒழுங்காகச் சொன்னாலே மொத்த வரலாறும் அதற்குள் வந்துவிடும்.

பார்த்துக் கற்க இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. ஒன்று இலங்கையில் கம்பளைக்குப் பக்கத்தில், பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007-இல் திறந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவனம் அமைத்தது. தொழிலாளர்களின் வரிசை வீடான பழைய லயத்தையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள் என்பதுதான் அதன் பலம். ஒரு குடும்பம் இருந்த ஒற்றை அறையான காம்பராவுக்குள் நுழைந்தவுடனேயே பாதி கதை புரிந்துவிடுகிறது. மற்றொன்று தென்னாப்பிரிக்கா கேப்டவுனில் உள்ள டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம். 1966-இல் அந்தப் பகுதியை வெள்ளையர்க்கு மட்டும் என்று அறிவித்து, சுமார் 60,000 பேரை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். 1994 டிசம்பரில் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில், இடிபட்ட தெருக்களின் பெயர்ப்பலகைகளைத் தொங்கவிட்டு, தரையில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து குனிந்து, "எங்கள் வீடு இங்கே இருந்தது" என்று தங்கள் பெயரை அதன்மேல் எழுதினார்கள். சில வாரங்களுக்கென்று தொடங்கிய கண்காட்சி நிரந்தர அருங்காட்சியகமாக நின்றுவிட்டது. அந்தத் தெருப் பலகைகளை எறியாமல் எடுத்து வைத்திருந்தவர், இடிக்கும் வேலையை மேற்பார்த்தவரே. உங்களுக்கு வேண்டிய பொருள் எதிர்பாராத ஆளிடமும் இருக்கலாம் என்பதால், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, டீமேக்கர், கண்டக்டர் போன்ற தோட்டத்து உத்தியோகஸ்தர் வீடுகளையும் விட்டுவிடாதீர்கள்.

2. பேச்சைப் பதிவு செய்தல்

நல்ல செல்போன் ஒன்று போதும். விமானப் பயன்முறையில் போட்டு, டிவியையும் மின்விசிறியையும் நிறுத்தி, பேசுபவருக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். தொடக்கத்தில் நாள், இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஒரு அமர்வு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதல் நாள் எல்லாருக்கும் சொல்லிப் பழகிய கதைதான் வரும். மறுமுறை போனால்தான் விஷயம் வரும்.

"உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "என்னத்தச் சொல்றது, கஷ்டப்பட்டோம், வந்தோம்" என்பதோடு முடிந்துவிடும். கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேளுங்கள். பேச்சு இப்படிப் போகும்:

"அப்பாயி, இந்தக் கூடைக் கயித்துல துணி ஏன் சுத்தியிருக்கு?"

"அது தலையில மாட்டுறதுப்பா. வெறுங்கயிறு நெத்திய அறுக்கும்ல. பழைய சீலையக் கிழிச்சுச் சுத்திக்கிறது."

"எந்த மலையில கொழுந்து எடுத்தீங்க?"

"அஞ்சாம் நம்பர். மேட்டு மலை. அட்டை ஏறும்னு கால்ல சவுக்காரம் தேச்சுக்கிட்டுப் போவோம்."

இந்த நாலு வரியில் இருப்பது கூடையைப் பார்த்தால் கிடைக்காது. தொடர்ந்து கேட்க வேண்டியவை: இடுப்பில் சுற்றிக்கட்டும் படங்கும் கம்பளியும் யார் கொடுத்தது, அதற்குச் சம்பளத்தில் பிடித்தார்களா; நிறுவையில் எத்தனை ராத்தல் (பவுண்டு) கழித்தார்கள்; கையில் காசு தரும் கைக்காசு வேலை, ஒப்பந்தமாகத் தரும் கொந்தரப்பு வேலை எப்போது கிடைக்கும்; வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் யார் பார்த்துக்கொண்டது; மாசியில் காமன் கூத்துக்கு யார் என்ன வேஷம் கட்டினார்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயரையும் தவறாமல் வாங்குங்கள். பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. பேச்சில் வருவது ஒன்று, காகிதத்தில் இருப்பது வேறு. இரண்டையும் இணைக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்தான்.

கேட்கத் தயங்கும் விஷயங்களையும் கேளுங்கள். லயத்தில் எந்தச் சாதி எந்த வரிசையில் இருந்தது, தப்பு என்ற பறையை அடித்தது யார், கங்காணி வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், நாடு திரும்பியபோது அண்ணன் இந்தியா தங்கை இலங்கை என்று குடும்பம் எப்படிப் பிரிந்தது. இவற்றை விட்டுவிட்டுப் பெருமை மட்டும் பேசும் அருங்காட்சியகம் அந்த மக்களுக்கு நியாயம் செய்யாது. ஆனால் சொல்பவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டும்.

பதிவு முடிந்ததும் சம்மதப் படிவம் ஒன்றைப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். அதில் நாலு கேள்வி போதும்: எல்லாரும் கேட்கலாமா, பெயரை மறைக்க வேண்டுமா, இணையத்தில் போடலாமா, என் காலத்துக்குப் பிறகுதான் வெளியிட வேண்டிய பகுதி ஏதும் உண்டா.

3. பொருள் சேர்ப்பது

கேட்டு வாங்க வேண்டிய பட்டியல் இப்படி வரும்: கொழுந்துக் கூடை, படங்கு, கம்பளி, கவ்வாத்துக் கத்தி, மண் கிளறும் முள்ளு, வேலை நாளும் சம்பளமும் பதிந்த செக்ரோல் தாள், சம்பளத் துண்டு, ரேஷன் அட்டை, தொழிற்சங்கச் சந்தா ரசீது, தப்பு, கூத்துச் சலங்கை, கப்பலில் வந்த பெட்டி, ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊர் முகாமிலோ திருச்சி கொட்டப்பட்டு முகாமிலோ கொடுத்த காகிதம், தாயகம் திரும்பியோருக்கென்று தொடங்கிய ரெப்கோ வங்கிப் புத்தகம், இங்கே வந்தபின் கொடுத்த வேலை ஆணை. பூட்டன் காலத்தில் ஆள்கட்டிக் கூட்டிப்போனபோது கொடுத்த தகரச் சீட்டு யாரிடமாவது இருந்தால் அது பெரிய பொக்கிஷம். 1901-இல் வந்த அந்த முறையில், தோட்டத்தின் அடையாளம் பொறித்த சிறு தகடு ஒன்றைத்தான் ஆளுக்குக் கொடுத்தார்கள். அதைக் காட்டித்தான் மண்டபம் வழியாகத் தோட்டம்வரை போனார்கள். போகும்போது தடுத்து வைத்துச் சோதித்த அதே மண்டபத்தில்தான் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தபோதும் தங்க வைக்கப்பட்டார்கள்.

எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். பத்துக் கூடை வந்தால் கதை உள்ள இரண்டை வாங்குங்கள். மற்றவற்றைப் படமெடுத்துவிட்டு வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஒரே படமாக இருக்கும் குடும்பப் படத்தை வாங்கவே கூடாது. அங்கேயே ஸ்கேன் செய்து, ஒரு நல்ல பிரதியை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த வீட்டார் அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள்.

வாங்கும்போது தானமா இரவலா என்று எழுத்தில் இருக்க வேண்டும். பின்னாளில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை வாய்ப்பேச்சில் வாங்கியதால் வருபவை. "தாத்தா கொடுத்தார், எங்களுக்குத் தெரியாது" என்று பேரன் வந்து நின்றால் உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்.

4. பதிவேடு

கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று, கணினியில் ஒரு விரிதாள் ஒன்று, இரண்டும் வேண்டும். எண் கொடுக்கும் முறை எளிது: 2025.4.2 என்றால், 2025-இல் நான்காவதாகக் கொடுத்தவரின் இரண்டாவது பொருள். எதிரே பொருளின் பெயர், அளவு, எதனால் ஆனது, சேதம், கொடுத்தவர், பயன்படுத்தியவர், தோட்டம், அதைப்பற்றிய ஒலிப்பதிவின் எண். இந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் எந்தப் பொருளையும் அலமாரியில் ஏற்ற வேண்டாம். யாருடையது என்று தெரியாத கத்தி வெறும் பழைய இரும்பு.

எண்ணைப் பொருள்மேல் எழுதும் விதம் முக்கியம். காகிதத்தின் பின்புற மூலையில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனா ஆகவே ஆகாது. துணிக்கு ஒரு பருத்தி நாடாவில் எண் எழுதி நாலு தையல் போடுங்கள். கத்தி, கூடைக்குப் பருத்தி நூலில் அட்டை கட்டித் தொங்கவிட்டால் போதும்.

5. மலை ஈரத்திலிருந்து காப்பாற்றுவது

நீலகிரியில் உங்கள் முதல் எதிரி ஈரம். கூடலூர்ப் பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரிப் பக்கம் அக்டோபருக்குமேல் வடகிழக்கு மழை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். ஈரப்பதமானி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டி, காலை மாலை அளவை நோட்டில் எழுதுங்கள். அறை முழுவதையும் உலரவைக்கப் பார்த்துக் காசைக் கரைக்க வேண்டாம். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டிகளில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு, காகிதத்தையும் துணியையும் அதற்குள் வையுங்கள். நிறம் மாறியதும் அடுப்பில் மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நாலு விரல் இடைவெளியும், தரையிலிருந்து ஒரு சாண் உயரமும் வேண்டும்.

கூடையும் கம்பளியும் உள்ளே வரும்போதே பூச்சியோடு வரும். மூங்கிலின் கீழே மாவு போல உதிர்ந்திருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. மருந்தடிக்காதீர்கள். பொருளைக் கனமான பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியே தள்ளி, ஒட்டி, ஐஸ்கிரீம் கடையில் இருப்பதுபோன்ற ஆழ்உறை பெட்டியில் மைனஸ் 18 முதல் மைனஸ் 20 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, இல்லாவிட்டால் குளிர்ந்த பொருள்மேல் நீர் கோத்துக்கொள்ளும். தோல் போர்த்திய தப்பை இந்தப் பெட்டியில் போட வேண்டாம். நிபுணரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிப் பளபளப்பாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். கூடாது. பிடியில் உள்ளங்கை தேய்ந்த பள்ளம், தீட்டித் தீட்டிக் குறுகிப்போன அலகு, பிடி உடைந்தபோது கட்டிய கம்பி, இவைதான் அந்தப் பொருள். உதிரும் துருவை மட்டும் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, நுண்படிக மெழுகை மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். பித்தளைச் செம்பையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

காகிதத்தை லேமினேட் செய்வதுபோல் கெடுதல் வேறில்லை. நல்லெண்ணத்தில் குடும்ப அட்டையை லேமினேட் செய்து வைத்திருக்கும் வீடுகள் நிறைய. உள்ளே பிடித்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் எழுத்து பரவியிருக்கும். அதை நீங்களே பிரிக்க முயல வேண்டாம், அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். புதிதாக வருபவற்றை அமிலமில்லாத தாள் உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ போடுங்கள். செல்லோடேப் ஒட்டக் கூடாது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. சிக்கலானவற்றுக்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில் ஆலோசனை கேளுங்கள். 1930-இலிருந்து இந்த வேலையைச் செய்துவருபவர்கள்.

ஸ்கேன் 600 டிபிஐ, டிஃப் வடிவம். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் 'நூலக நிறுவனம்' என்ற அமைப்பிடமும் ஒரு பிரதி கொடுப்பது நல்லது.

6. அறையை அமைப்பது

வாசலிலிருந்தே ஆண்டு வரிசையில் பலகைகள் மாட்டாதீர்கள், யாரும் படிப்பதில்லை. நான் சொல்வது இரண்டு வேலை.

முதலாவது, தரையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி நாடா ஒட்டுங்கள். ஒரு காம்பராவின் அளவு கிட்டத்தட்ட அதுதான். உள்ளே அடுப்பு மூலை, கொடி, தொட்டில் கட்டும் இடம், வெளியே இஸ்தோப்பு (முன்திண்ணை) என்று குறியுங்கள். ஒரு குடும்பத்தின் எட்டுப் பேரை அதற்குள் நிற்கச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது, ஒரு சுவர் முழுக்க வரைபடம். ஒரு பக்கம் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, சேலம் மாவட்டங்களின் பூர்வீக ஊர்கள். மறுபக்கம் அட்டன், நுவரெலியா, பதுளை, மாத்தளை, கண்டி தோட்டங்கள். கீழே நீலகிரிக் குடியிருப்புகள். வருபவர் கையில் நூலும் குண்டூசியும் கொடுங்கள். தங்கள் குடும்பம் போன வழி, திரும்பிய வழி இரண்டையும் அவர்களே கட்டட்டும், பக்கத்தில் பெயரை எழுதட்டும். கேப்டவுனில் தரை வரைபடம் செய்த வேலையை இங்கே இந்தச் சுவர் செய்யும். பெரும்பாலானவர்களின் பூர்வீக ஊர் அந்த மாவட்டங்களில் இருக்க, இறக்கிவிட்டது வேறெங்கோ மலையில் என்பது நூலில் பளிச்சென்று தெரியும்.

அசல் காகிதத்தையும் துணியையும் வெளிச்சத்தில் வைக்காதீர்கள். காகிதத்துக்குப் பிரதி வையுங்கள், துணியை மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள். ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள்.

குறிப்பு அட்டை அறுபது சொல்லுக்குள், பெரிய எழுத்தில், நிற்பவர் கண்ணுக்கு நேராக இருக்கட்டும். "கவ்வாத்துக் கத்தி, இரும்பு, மரம்" என்று எழுதினால் யாருக்கு என்ன? மாதிரிக்கு இப்படி எழுதலாம்: "கவ்வாத்துக் கத்தி. பதுளைத் தோட்டமொன்றில் வேலை செய்தவருடையது. பிடி உடைந்தபின் தானே கம்பி கட்டினார். கப்பலில் ஏறும்போது வேட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். கோத்தகிரியில் முதல் செடியைக் கவ்வாத்து செய்ததும் இதுதான்." பேசியவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். துரை, பெரட்டு, ராத்தல் என்று அவர் சொன்னால் அதைத் திருத்தி "மேலாளர், வருகைப் பதிவு" என்று மாற்ற வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. குடும்ப அட்டை, கடவுச்சீட்டுப் பிரதிகளில் எண்ணையும் முகவரியையும் மறையுங்கள். 1983-க்குப் பின் அகதியாக வந்து இன்னும் முகாமில் இருப்பவர்களில் மலையக வம்சாவளியினரும் உண்டு. அவர்கள் காகிதங்களைக் காட்சிக்கு வைக்கவே வேண்டாம். குடியுரிமை இன்னும் முடிவாகாத ஒருவருக்கு நீங்கள் மாட்டிய படத்தால் ஒரு சிக்கல் வரக்கூடாது.

7. சட்டமும் பணமும்

அறக்கட்டளையாகவோ, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் சங்கமாகவோ பதியுங்கள். நன்கொடையாளருக்கு வருமானவரிச் சலுகை வேண்டுமானால் வருமானவரித் துறையில் அதற்கான பதிவு தேவை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் வரும், அந்த அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்தத் தடை இல்லை. நூறு ஆண்டு தாண்டிய பொருள் வந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவணத்திலேயே எழுதிவைக்க வேண்டிய ஒரு விதி உண்டு: அருங்காட்சியகம் மூடினால் எந்தப் பொருள் கொடுத்தவர் குடும்பத்துக்கு, எது எந்த நிறுவனத்துக்கு என்பது. குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். கொழுந்தெடுத்தவர்கள் அவர்கள்தான்.

முதல் செலவு பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி, ஸ்கேனர், வன்தட்டு. கண்ணாடி அலமாரி அடுத்த வருடம் பார்க்கலாம்.

8. ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டியது

தினமும் திறக்க ஆள் இல்லையென்றால் ஞாயிறு மட்டும் திறங்கள், ஆனால் அந்த ஞாயிறு தவறக்கூடாது. மே மாதத்தில் கூரை ஒழுக்கு, சாக்கடை, ஜன்னல் விளிம்பு பாருங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பெட்டிகளைத் திறந்து சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள். பூஞ்சை தெரிந்தால் பொருளை உள்ளேயே தட்டாதீர்கள். முகக்கவசம் போட்டு, தனிப்பையில் வெளியே எடுத்துப்போய், வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டத்தில் உலரவிட்டு, மென்தூரிகையால் துடையுங்கள்.

ஜனவரியில் கணக்கெடுப்பு. பதிவேட்டிலிருந்து பத்து எண்களை எடுத்து அலமாரியில் தேடுங்கள். அப்புறம் அலமாரியிலிருந்து பத்துப் பொருளை எடுத்துப் பதிவேட்டில் தேடுங்கள். ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால் மொத்தத்தையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்த ஆண்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.